வட்டுக்கோட்டை குருமட மாணவர் வாழ்க்கை

வட்டுக்கோட்டை குருமடம் (1823-1855) யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய உயர்கல்வி நிலையம். சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, மொழி, கணிதம், அறிவியல், தத்துவம், சமயம் ஆகியவற்றை ஒருங்கே கற்பித்தது. ஒரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்ட இக்கல்வியை மாணவர்கள் வேறு நோக்கங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டனர். குருமடம் மூடப்பட்டதற்கும், அதன் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

தோற்றம்

அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய ஐந்து ஊர்களில் நிலையங்கள் அமைத்தனர். விடுதிப் பள்ளிகளில் தேறிய மாணவர்களுக்கு மேற்படிப்புத் தர ஒரு கல்லூரி வேண்டும் என்று 1823-இல் திட்டம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டனர். ஆங்கிலம், தமிழ், சம்ஸ்கிருதம், ஐரோப்பிய அறிவியல் ஆகிய நான்கும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. அன்றைய பிரிட்டிஷ் அரசு அமெரிக்கர்களை ஐயத்துடன் நோக்கியதால் 'கல்லூரி' என்ற தகுதி கிடைக்கவில்லை. முதலில் மத்திய பள்ளி என்றும், பின்னர் செமினரி என்றும் அது அழைக்கப்பட்டது. தமிழில் குருமடம் என்ற பெயர் வழங்கியது.

முதல் தலைவர் டேனியல் பூவர் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் படித்தவர். அவருக்குப் பின் தலைவரான ஹென்றி ஹொய்சிங்டன் வில்லியம்ஸ் கல்லூரியில் படித்தவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழும் சிறிய கல்லூரிகள் அவை. அம்முறையையே இவர்கள் வட்டுக்கோட்டைக்குக் கொண்டுவந்தனர்.

சேர்க்கையும் பெயரும்

குருமடத்தில் எவரும் நினைத்தவுடன் சேர்ந்துவிட முடியாது. மிஷன் பள்ளிகளில் சிறந்து விளங்கியோரே எடுத்துக்கொள்ளப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் வேளாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். திறமை பார்த்துச் சேர்த்தாலும், சாதியால் விலக்கப்பட்டோர் அந்த வாசல்வரை வந்து சேர்வதே அரிதாக இருந்தது.

தொடக்க காலத்தில் மாணவர்களின் உணவுக்கும் உடைக்கும் அமெரிக்க நன்கொடையாளர்கள் பணம் அனுப்பினர். அவர்கள் விரும்பிய பெயர் மாணவருக்குச் சூட்டப்பட்டது. விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். தாமோதரம்பிள்ளைக்குக் கிங்ஸ்பரி என்ற பெயர் இருந்தது. வீட்டில் ஒரு பெயர், குருமடத்தில் ஒரு பெயர் என வாழ்ந்த இவர்களில் பலர் பிற்காலத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதினர்.

விடுதி வாழ்க்கை

கிறித்தவர் வளாகத்தில் உண்டால் ஆசாரம் கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். தொடக்க ஆண்டுகளில் சமையற்கூடத்தை மிஷன் எல்லைக்கு வெளியே அமைத்தே விடுதி மாணவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. நாளடைவில் இந்தத் தயக்கம் குறைந்தது.

வழிபாடும் விவிலியப் பாடமும் கட்டாயமாக இருந்தன. மாணவர்கள் ஆங்கிலத்தில் யூக்ளிடின் வடிவியல், இயற்கணிதம், வானியல், தர்க்கம் முதலியவற்றைப் படித்தனர். தமிழ் இலக்கண இலக்கியங்களை உள்ளூர்ப் புலவர்களிடம் கற்றனர். தேர்வுகள் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தன. பல ஆண்டுகள் நீடித்த படிப்பு இது. சி.வை. தாமோதரம்பிள்ளை 1844-இல் தம் பன்னிரண்டாம் வயதில் சேர்ந்து 1852-இல் படிப்பை முடித்தார்.

குருமடத்தில் வானியலுக்குத் தனி இடம் இருந்தது. 1829-ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தைப் பற்றி அவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதரான விசுவநாத சாத்திரியார் கணித்ததும் பூவர் கணித்ததும் வேறுபட்டன. கிரகணத்தன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பூவரின் கணக்கே பொருந்தியது. தம் சமயத்துக்கு இது சான்றாகும் என மிஷனரிகள் எண்ணினர். மாணவர்கள் பலருக்கோ அது கணிதத்தின் வெற்றியாக இருந்தது. ஹொய்சிங்டன் உள்நாட்டு வானியலையும் புறக்கணிக்கவில்லை. அதை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கங்களுடனும் 1848-இல் நூலாக வெளியிட்டார்.

பெண்களுக்கு இங்கே இடமில்லை. அவர்களுக்காக 1824-இல் ஹேரியட் வின்ஸ்லோ உடுவிலில் தனி விடுதிப் பள்ளி தொடங்கினார். குருமடத்தில் படித்தோருக்குக் கல்வி கற்ற மனைவியர் அமைய வேண்டும் என்பதும் அப்பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று.

மூடல்

கிறித்தவப் போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்குவதே மிஷன் குருமடத்திடம் எதிர்பார்த்த பணி. ஆங்கிலமும் கணிதமும் கற்றவர்களுக்கு அரசு அலுவலகங்களில் நல்ல சம்பளம் கிடைத்தது. எனவே பலர் அங்கே சென்றனர். பிற்காலத்தில் கட்டணம் செலுத்திப் படித்த சைவ மாணவர்களின் எண்ணிக்கை பெருகியது. கிறித்தவராவோர் தொகை குறைந்தது. 1848-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். சைவக் குடும்பங்களுக்குக் கல்விக்கு வேறொரு வழியும் திறந்தது.

1855-இல் மிஷன் தலைமைச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். சிற்றூர்ச் சபைகளுக்குப் போதகர்களைத் தாய்மொழியிலேயே பயிற்றுவித்தால் போதும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டே குருமடம் மூடப்பட்டது. கல்வித் தரத்தில் அதற்குக் குறை இருக்கவில்லை. இலங்கை அரசின் செயலராயிருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க கல்வி அங்கே தரப்பட்டதாகப் பாராட்டியிருந்தார்.

மாணவர்களின் பணி

மூடப்பட்ட சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. அதில் தேறி முதல் பட்டதாரிகளான இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. ஒருவர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்த கரோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றைப் பதிப்பித்தார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே இருந்து, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைப் பாவலர் சரித்திர தீபகம் (1886) என்னும் நூலாக எழுதினார். விசுவநாதபிள்ளை இயற்கணிதத்தையும் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தர்க்கத்தையும் தமிழில் நூல்களாக்கினர். 1841-இல் தொடங்கிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இங்கே படித்தவர்களே.

இவர்கள் ஒரே சமயத்தவர் அல்லர். ஒரே தொழில் செய்தவர்களும் அல்லர். சுவடியையோ கணக்கையோ சான்றோடு சரிபார்த்து, அதைத் தமிழில் அச்சேற்றும் பழக்கம் இவர்களிடம் பொதுவாக இருந்தது. கிரகணக் கணக்கை வானத்தோடு ஒப்பிட்ட குருமடத்துப் பயிற்சியின் தொடர்ச்சியாகவே அதைக் கருதலாம்.

முன்னாள் மாணவர்களும் ஊராரும் விடாமல் முயன்றதன் பயனாக 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்டது. மிஷன் மூடிய கதவை மீண்டும் திறக்கக் கேட்டவர்கள் அங்கே படித்தவர்களே. அக்கல்லூரி இன்றும் வட்டுக்கோட்டையில் இயங்குகிறது.