தட்டப்பாறை முகாமும் பிளேக் எலியும்

தூத்துக்குடியிலிருந்து மணியாச்சிக்குச் செல்லும் ரயில் பாதையில் தட்டப்பாறை என்றொரு சிறு நிலையம் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள், கப்பலேறுவதற்கு முன் தடுத்து நிறுத்தப்பட்ட முகாம் இவ்வூரில்தான் இருந்தது.

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதுவரை முத்துக்கும் கொழும்புக் கப்பலுக்கும் பெயர்பெற்றிருந்த தூத்துக்குடி, இலங்கை அரசின் கண்ணுக்கு நோய் நுழையும் வாசலாகத் தோன்றலாயிற்று. காலரா, அம்மை பற்றிய அச்சமோ முன்பே இருந்தது. ஆகவே தொழிலாளர்களைச் சில நாட்கள் முகாமில் இருத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள்.

இதன் அடிப்படை எளிது. பிளேக் கிருமி உடலில் புகுந்தபின் நோய் வெளிப்பட ஒரு வாரம் வரை ஆகலாம். இதனை அடைகாலம் என்பர். அந்தக் காலம் கழிந்தும் காய்ச்சலோ நெறிகட்டுதலோ இல்லையென்றால் ஆபத்து இல்லை. கணக்கு சரிதான், ஆனால் அதை எல்லாருக்கும் ஒன்றாகப் போடவில்லை. மேல் வகுப்புப் பயணி மருத்துவச் சீட்டுப் பெற்று உடனே பயணத்தைத் தொடரலாம். இறங்கிய ஊரில் மருத்துவரிடம் தம்மைக் காட்டிக்கொண்டால் போதும். முகாம் என்பது ஏழைக்கு மட்டுமே. டிக்கெட்டின் விலைக்கேற்ப அடைகாலம் மாறும் என்று நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை!

தொழிலாளிக்கு அந்த நாட்கள் சும்மா கழியவில்லை. வழிச்செலவும் முன்பணமும் கங்காணியிடம் பட்ட கடன். தோட்டத்தில் வேலை தொடங்கினால்தான் கூலி.

இதற்கிடையே, 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சீமோன், பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி எனக் கண்டார். முதலில் பலர் நம்பவில்லை. சில ஆண்டுகளில் இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. எலி இருக்குமிடம் எது? தானியம் இருக்குமிடம். தொழிலாளியை நிறுத்தலாம், அரிசி மூட்டைகளோடு கப்பலில் போகும் எலியை எந்த முகாமில் நிறுத்துவது?

1914-இல் கொழும்பில் பிளேக் தோன்றியது. அரிசிக் கப்பல்களில் வந்த எலிகளே அதனைக் கொணர்ந்தன என்பது பலரும் ஏற்ற கருத்து. அரிசிக் கிட்டங்கிகளை ஒட்டிய நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்தவர்கள் முதலில் துன்புற்றார்கள்.

அதே 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் பாதை திறக்கப்பட்டது. தொழிலாளர் போக்குவரத்தும் அவ்வழியே திரும்பவே, முகாம் வேலை மண்டபத்துக்கு மாறியது. அங்கும் இலங்கை அரசுதான் நிர்வாகம். அங்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டாயத் தங்கல்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மண்டபத்தில் அம்மைப்பால் குத்தினார்கள். கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். இலங்கையின் கரையைக் காப்பதற்கென்று ஏற்பட்ட முகாமில், தொழிலாளியின் உடம்புக்கும் ஓரளவு பயன் கிடைத்தது.