வாரமா, குத்தகையா, கடனா? பிறர் ஓட்டும் வாடகைக் காரில் முதலிடுதல்: பெரம்பலூர், அரியலூரை முன்வைத்து

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருந்துகொண்டு ஒரு காரை வாங்கி, அதை ஓட்டுநர் ஒருவரிடம் ஒப்படைத்து, ஓலா, ஊபர் போன்ற செயலிகளில் ஓடவிட்டு மாத வருமானம் பார்க்கலாமா என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு பெருக்கல் கணக்கு. நாளைக்கு இவ்வளவு, மாதத்துக்கு முப்பது நாள், டியூ போக மிச்சம் கைக்கு. எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும் இந்தக் கணக்கு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கார் வாங்கியவர், நிலம் வாங்கியவரைப் போலத் தம்மை உடைமையாளராக எண்ணிக்கொள்கிறார். நடைமுறையில் அவர் ஓட்டுநருக்குக் கடன் கொடுத்தவர். அதிலும், வசூல் வரிசையில் கடைசியாக நிற்பவர்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் பிரிந்த அரியலூர், மறு ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5.65 லட்சம், அரியலூரின் மக்கள்தொகை 7.55 லட்சம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நடுத்தர மாநகரத்தின் அளவுதான். அந்த மக்களும் நூற்றுக்கணக்கான ஊர்களில் பரவிக் கிடக்கிறார்கள். செயலி டாக்ஸி பிழைப்பதற்குச் சவாரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஒருவரை இறக்கிவிட்ட இடத்துக்கு அருகிலேயே அடுத்தவர் ஏறாவிட்டால் வண்டி எம்ப்டியாக ஓடும். அந்தக் கிலோமீட்டருக்கு யாரும் காசு தருவதில்லை. இவ்விரு மாவட்டங்களிலும் வாடகைக் காரின் தேவை வேறு வகையானது. திருச்சி மருத்துவமனைக்கு ஒரு நடை, வளைகுடாவிலிருந்து வருபவரை அழைத்துவர விமான நிலையத்துக்கு ஒரு நடை, கல்யாணம், சமயபுரம். இவற்றை ஸ்டாண்டு வண்டிகளும் உள்ளூர் டிராவல்ஸ்காரர்களும் கிலோமீட்டர் கட்டணம், வெயிட்டிங், டிரைவர் பேட்டா என்று பேசித் தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆகவே செயலிக்கென வாங்கும் கார், அறுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள திருச்சிக்கோ, சுமார் 270 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கோதான் போயாக வேண்டும். பணம் ஊரில் இருக்கும், வண்டி வெளியூரில் ஓடும். மற்ற சிக்கல்கள் எல்லாம் இந்தத் தூரத்தில்தான் தொடங்குகின்றன.

வண்டியில் முதல் போடுவது அரியலூருக்குப் புதிதல்ல. சிமெண்ட் ஆலைகளையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் நம்பி டிப்பர் லாரி வாங்கியவர்கள் அங்கே ஏராளம். அவர்களுடைய அனுபவத்தைக் காருக்குப் பொருத்திப் பார்ப்பது இயல்பு, ஆனால் பொருந்தாது. டிப்பர் புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும் தெரிந்தவை. ஒவ்வொரு நடையும் எடைமேடையில் பதிவாகிறது. முதலாளி அதே ஊர்க்காரர். மாலையில் ஆலை வாசலில் நின்றாலே போதும், எத்தனை நடை என்பது தெரிந்துவிடும். சென்னையில் ஓடும் காருக்கு எடைமேடை கிடையாது.

ஓட்டுநருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மூன்று வகைப்படும். மாதச் சம்பளமும் பேட்டாவும் கொடுப்பது ஒன்று. கலெக்‌ஷனில் இத்தனை விழுக்காடு என்று பங்கு பிரிப்பது இன்னொன்று. ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் வாடகையாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, எரிபொருளையும் மிச்சத்தையும் ஓட்டுநர் பொறுப்பில் விட்டுவிடுவது மூன்றாவது. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா.பழூர் பகுதி வேளாண் குடும்பங்களுக்கு இம்மூன்றும் பழகிய ஏற்பாடுகளே: பண்ணைக் கூலி, வாரம், குத்தகை. பொருளியலிலும் இது பழைய விவாதம். வாரத்துக்கு உழுபவர், கூடுதலாக உழைத்து விளைவிப்பதில் ஒரு பகுதி பிறருக்குப் போய்விடுவதால் உழைப்பைக் குறைத்துக்கொள்வார் என்பது ஆல்பிரட் மார்ஷலின் வழிவந்த கருத்து. ஒப்பந்தத்தைச் சரியாக வகுத்தால் அந்த இழப்பு நேராது என்று 1969இல் ஸ்டீவன் சியுங் வாதிட்டார். விளைச்சல் பொய்க்கும் ஆபத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளும் வழியே வாரம் என 1974இல் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் விளக்கினார்.

இந்தக் கோட்பாடுகள் டாக்ஸிக்கும் பெருமளவு செல்லும். சம்பளம் என்றால் ஓட்டுநருக்கு வண்டியை நிழலில் நிறுத்தத் தோன்றும். பங்கு என்றால் செயலியை அணைத்துவிட்டுத் தெரிந்த சவாரியைக் கைக்காசுக்கு ஏற்றிக்கொள்ளத் தோன்றும். நாள் வாடகை என்றால் இவ்விரண்டும் மறைந்துவிடும்; ஊரில் இருக்கும் முதலாளிக்கு இதுவே நிம்மதியான ஏற்பாடாகத் தெரியும். ஆனால் நிலத்துக்கும் காருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தலைகாட்டுகிறது. குத்தகை நிலத்தில் கூடுதலாக ஒரு உழவு ஓட்டினால் நிலம் தேய்வதில்லை. நாள் வாடகைக் காரில் ஓடும் ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் ஓட்டுநருக்கு வரவு, முதலாளிக்குத் தேய்மானம். கிளட்சை அரைத்து ஓட்டுவது, ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவது, பள்ளத்தில் வேகம் குறைக்காமல் இறக்குவது எல்லாம் வண்டி பிறருடையது என்பதால் எளிதாக நடந்துவிடுகின்றன. நியூயார்க் டாக்ஸிகளைப் பற்றி ஹென்றி ஷ்னைடர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதை விபத்துப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்தது: வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்களின் விபத்துகளில் ஒரு பகுதிக்கு, வண்டி தமதல்ல என்பதே காரணம் என்று கண்டது. ஓட்டுநர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஓட்டுநர் தம் சொந்தக் காரை வேறு விதமாக ஓட்டுவார் என்பதே அந்த ஆய்வின் சாரம்.

நாள் வாடகையை ஓட்டுநர்கள் விரும்புவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஜோஷுவா ஆங்ரிஸ்டும் உடன் ஆய்வாளர்களும் பாஸ்டன் நகர ஊபர் ஓட்டுநர்களிடம் நடத்திய சோதனையில், கமிஷனுக்குப் பதிலாக ஒரு நிலையான தொகையைக் கட்டும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். கட்டியிருந்தால் லாபம் அடைந்திருக்கக்கூடிய பலர் அதை மறுத்துவிட்டனர். முதலில் கையை விட்டுப் போகும் காசு மனத்தை உறுத்துகிறது. சென்னையில் நாள் வாடகை 1,000 ரூபாய், எரிவாயுவுக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,900 ரூபாய்க்குச் சவாரி ஓட்டி முடித்த பிறகுதான் ஓட்டுநரின் சாப்பாட்டுக் காசு தொடங்குகிறது. நாலு நாள் சவாரி மந்தமானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். போவதற்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு.

அந்த நாலு நாளைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். காரின் விலை 7 லட்சம். கையிலிருந்து 1.5 லட்சம், மீதி 5.5 லட்சத்துக்கு 10.5 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடன். மாத டியூ சுமார் 11,800 ரூபாய். மஞ்சள் போர்டு வண்டிக்கான காப்பீடு ஆண்டுக்கு 45,000 என்றால் மாதம் 3,750. பர்மிட், எஃப்சி, வரி வகையில் மாதம் 1,000. நாளைக்கு 230 கிலோமீட்டர் ஓடுகிறது. டயர், சர்வீஸ், பிரேக் எல்லாவற்றுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஐந்தாண்டு முடிவில் மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்தக் கார் 1.5 லட்சத்துக்கு விலை போகிறது.

மாதம் 26 நாள் வாடகை வந்தால் மிச்சம் ஏறக்குறைய 3,450 ரூபாய். ஐந்தாண்டில் 2.07 லட்சம், காரை விற்ற பணத்தையும் சேர்த்தால் 3.57 லட்சம். போட்ட 1.5 லட்சத்துக்கு இது அருமையான வரவு. இந்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். இனி 26ஐ 22 ஆக்குங்கள். ஓட்டுநர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருகிறார், வண்டி ஒர்க்‌ஷாப்பில் மூன்று நாள் கிடக்கிறது, ஒருவர் விலகி அடுத்தவர் கிடைக்கப் பத்து நாளாகிறது; இப்படி மீண்டும் மீண்டும் நேர்வதை ஆண்டு முழுவதும் பரப்பிப் பார்த்தால் மாதத்துக்கு நாலு நாள் இழப்பு சாதாரணம். இப்போது மாத மிச்சம் சுமார் 370 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் கார் விற்ற பணத்துடன் கைக்கு வருவது 1.72 லட்சம். அதே 1.5 லட்சத்தை 7 விழுக்காடு வட்டியில் வங்கி வைப்பில் போட்டிருந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். லாபம் முழுவதும் அந்த நாலு நாளில்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது மேற்பார்வை: மாற்று ஓட்டுநரை உடனே பிடிப்பது, ஒர்க்‌ஷாப்பில் நின்று வண்டியை வெளியே எடுப்பது, ஆக்டிங் டிரைவரை வைத்தாவது ஓட்டிவிடுவது. சென்னையில் நாலைந்து கார் வைத்துக்கொண்டு தாமே ஓட்டவும் தெரிந்தவர்கள் இதில் சம்பாதிக்கிறார்கள் என்றால், அது அவர்கள் வாங்கும் மேற்பார்வைக் கூலி. பெரம்பலூரில் இருப்பவர் அந்த வேலையைச் செய்ய முடியாது; செய்யாத வேலைக்குக் கூலி எப்படி வரும்?

கருவி பொருத்திவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஜிபிஎஸ் வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும், ஃபாஸ்டேக் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்று குறுஞ்செய்தி அனுப்பும். திருட்டைக் கண்டுபிடிக்க இவை உதவும். நிற்கும் வண்டியை ஓட வைக்க உதவா.

வரவு முழுவதும் செயலி நிறுவனம் வகுக்கும் விதியைப் பொறுத்தது என்பது அடுத்த ஆபத்து. ஓலா 2010இல் தொடங்கியது. ஊபர் 2013இல் இந்தியாவுக்கு வந்தது. சந்தையைப் பிடிக்கும் போட்டியில் இரண்டும் முதல் சில ஆண்டுகள் ஊக்கத்தொகையை வாரி இறைத்தன. அதை நிரந்தர வரவாகக் கருதிக் கடன் வாங்கியவர்கள், ஊக்கத்தொகை வெட்டப்பட்டபோது டியூ கட்ட முடியாமல் திணறினார்கள். 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும், 2018இல் மும்பையிலும் நடந்த வேலைநிறுத்தங்களின் பின்னணி இதுவே. பிறகு 2020இல் பொதுமுடக்கம். ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிப்போட அனுமதித்தது. வட்டி மட்டும் ஓய்வெடுக்கவில்லை. பெரிய நிறுவனமாக இருந்தால் தப்பிக்கலாம் என்பதும் உறுதியில்லை. மின்சாரக் கார்களையும் ஓட்டுநர்களையும் தானே நிர்வகித்த புளூஸ்மார்ட், 2025 ஏப்ரலில் அதன் தொடர்பு நிறுவனமான ஜென்சோல் மீது செபி ஆணை வந்ததும் சேவையை நிறுத்தியது.

சட்டத்தில் இந்த முதலாளியின் இடம் எது? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 2(30)படி, கடனில் உள்ள வண்டிக்கும் உரிமையாளர் கடன் வாங்கி வண்டியைத் தம் வசம் வைத்திருப்பவரே. கடன் கொடுத்த நிதி நிறுவனம் அல்ல. பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பதை 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. ஓட்டுநரின் உரிமம் செல்லாதது என்று தெரியவந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும் நிலை வரலாம். உரிமத்தைச் சரிபார்ப்பதில் அவர் நியாயமான கவனம் காட்டினாரா என்பதே 2004இன் சுவரண் சிங் தீர்ப்பு வைக்கும் சோதனை. வாட்ஸ்அப்பில் வந்த உரிமப் படத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தவர் அங்கே என்ன பதில் சொல்வார்? ஓட்டுநரே காயப்பட்டாலோ கேள்வி இன்னும் கடினம். சம்பள ஓட்டுநர் என்றால் பணியாளர் இழப்பீட்டு விதிகள் பேசும். நாள் வாடகைக்கு எடுத்தவர் என்றால் அவர் பணியாளரா, குத்தகைதாரரா என்பதே வழக்காகிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஓட்டுநருக்கும் முதலாளிக்கும் இடையிலான பங்கைப் பற்றிச் சட்டம் மௌனமாக இருக்கிறது. மத்திய அரசின் 2025 வழிகாட்டு நெறிமுறைகள், சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடும், செயலி நிறுவனத்தின் வண்டியை ஓட்டுபவருக்குக் குறைந்தது 60 விழுக்காடும் சேர வேண்டும் என்கின்றன. வண்டி மூன்றாம் நபருடையது என்றால் என்ன செய்வது என்பது வாய்ப்பேச்சுக்கு விடப்பட்டிருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, ஐந்து தொழிலாளர்கள் இருந்தால்தான் பொருந்தியது. ஒற்றைக் கார் முதலாளி அன்றே அதற்கு வெளியே இருந்தார். நிலத்துக்கு இந்த மௌனம் 1956லேயே உடைக்கப்பட்டது. நியாய வாரச் சட்டம் உடைமையாளரின் பங்குக்கு உச்சவரம்பு வைத்தது. பின்னர் அது விளைச்சலில் 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அது ஏட்டளவில் நின்ற இடங்கள் பல என்பதும் உண்மை. ஆனால் ஏடாவது இருந்தது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டுநருக்கு இந்த முதலாளி தருவது என்ன? கார் ஓட்டத் தெரிந்தவர் அவர். வழி, பயணி, செயலியின் போக்கு எல்லாம் அறிந்தவரும் அவரே. அவரிடம் இல்லாதது முன்பணம் 1.5 லட்சமும், கடன் கிடைப்பதற்கான பெயரும். முதலாளி கொடுப்பது அவ்விரண்டு மட்டும்தான். இது கடன் தொழில். கடன் தொழிலில் முதல் உரிமை ஆர்சி புத்தகத்தில் பெயர் பதித்திருக்கும் நிதி நிறுவனத்துக்கு. டியூ தவறினால் வண்டியைச் சீஸ் செய்துகொண்டு போய்விடும். அடுத்து செயலியின் கமிஷன், எரிபொருள், ஓட்டுநரின் சாப்பாடு. இவை எல்லாம் போய் மிஞ்சினால்தான் முதலாளிக்கு. விபத்துப் பொறுப்பு மட்டும் முதல் நாளிலிருந்தே அவருக்கு.

கடன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் ஒப்பந்தத்தைக் கடனாகவே எழுதலாம். டியூவும் காப்பீடும் முன்பணத்துக்கு ஒரு நியாயமான வட்டியும் ஓட்டுநர் கட்டட்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கார் அவர் பெயருக்கு மாறட்டும். தேய்மானம் அப்போது அவருடைய கவலையாகிவிடும். கிளட்சை அரைக்க மாட்டார், பொங்கல் கழிந்ததும் திரும்பி வருவார். உடைமையையும் ஓட்டுதலையும் ஒரே கையில் வைப்பதன் தேவையைத் தமிழக அரசே ஓரிடத்தில் ஏற்றிருக்கிறது: சென்னைப் பெண்களுக்கான இளஞ்சிவப்பு ஆட்டோத் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் மானியம் பெறுபவர் தாமே ஓட்ட வேண்டும், ஆண்களிடம் ஓட்டக் கொடுத்தால் ஆட்டோ பறிமுதல் என்பது விதி. 2025–26 நிதிநிலை அறிக்கையில் இணையவழிப் பணியாளர்கள் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. கார் ஓட்டுநரின் முன்பணத்துக்கும் இப்படி ஒரு வழியைத் திறக்கலாம். பெரம்பலூர், அரியலூர் கூட்டுறவு வங்கிகள், சென்னையில் பிறர் காரை ஓட்டிக்கொண்டிருக்கும் தம் மாவட்டத்து ஓட்டுநர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க முன்வர வேண்டும். அதுவரை, உரிமை மாற்றத்தை எழுத்தில் வைக்காமல் வெளியூரில் ஓட விடுவதற்காகக் காரில் பணம் போட நினைப்பவர்கள், அந்த ஒன்றரை லட்சத்தை வங்கியிலேயே போட்டு வைக்கலாம்.