காத்தவராயன் அயோத்திதாசரானது

எங்கள் புத்தளக் கரையில், கற்பிட்டியில் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1859இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூராக்’ புலவர் வரலாறுகளுக்கு முன்னோடி நூல். பிராமணத் தந்தைக்கும் பறையர் குலத்துத் தாய்க்கும் பிறந்தவர் வள்ளுவர் என்ற கதை அதிலும் உண்டு. குறளைச் செய்த அறிவுக்குத் தகப்பன் வழியில் உரிமை தேடும் கதை அது. அதைக் கட்டுக்கதை என்று விடாமல் மறுத்தவர் அயோத்திதாச பண்டிதர்.

1845இல் சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். ‘காத்த’ என்பதும் தலைவனைக் குறிக்கும் ‘ராயன்’ என்பதும் அதில் காதில் விழுகின்றன. காவல் தெய்வத்துக்குப் பொருந்திய பெயர்தான். ஈழத்து அம்மன் கோயில் முற்றங்களில் விடிய விடிய ஆடும் காத்தவராயன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரோடு கழுமரமும் நினைவில் எழும். ஆரியமாலை என்ற பிராமணப் பெண்மேல் வைத்த காதலுக்காகக் கழுவேறியவன் அவன்.

‘அயோத்தி’யின் வடமொழி வேர் ‘யுத்’, போரிடுதல். முன்னுள்ள அகரம் மறுப்பு. போரிட்டு வெல்ல முடியாதது என்று பொருள். தாசர், அடியார். இராமபக்தர் வைத்துக்கொண்ட பெயர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது அவருக்குத் தமிழ் கற்பித்த அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயர். மாணவர் அதைத் தமதாக்கிக்கொண்டார்.

மற்றவர்களின் பெயருக்காகவும் அவர் ஓயாமல் வாதாடினார். 1881 குடிக்கணக்கில், பறையர் என்று அழைக்கப்பட்ட தம் மக்களை ஆதித்தமிழர் என்று பதியக் கேட்டார். 1891இல் தொடங்கிய அமைப்புக்குத் திராவிட மகாஜன சபை என்று பெயரிட்டார். மறுவருடம் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவும், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் கேட்டார். கோயிலைப் பற்றி அங்கே கிடைத்த பதில் அவமதிப்பு. பள்ளிக்கூடம் பிறகு பிரம்மஞான சபையின் ஒல்கொட்டின் துணையோடு வந்தது. 1894இல் தொடங்கிய அந்த இலவசப் பள்ளிகளுக்கு, நான்கு வருணத்துக்கு வெளியே தள்ளும் பஞ்சமர் என்ற பெயர்தான் வாய்த்தது.

1907இல் இராயப்பேட்டையிலிருந்து அவருடைய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’ புறப்பட்டது. நாலு பக்கம், புதன்கிழமைதோறும், விலை ஒரு பைசா. அடுத்த ஆண்டு முன்னொட்டை விட்டுத் ‘தமிழன்’ ஆயிற்று. சாதி பேதமற்றவனே அந்தச் சொல்லுக்கு உரியவன் என்பது அவர் கொள்கை.

இதழுக்கு முன்பே, 1898இல் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தரானார். மதம் மாறியவர் அயோத்தி என்ற பெயரைக் களையவில்லை. 1914இல் இறக்கும்வரை அவருடைய கையெழுத்தில் இருந்தது ஆசிரியரின் பெயர்.