பக்கத்து வீட்டுக்காரன் இல்லாத தொட்டி

மக்களே, போன வாரம் நம்ம திருமங்கலத்துத் தம்பி ஒருத்தன் போன் பண்ணான். "அண்ணே, ஆஸ்கர் ஜோடி ஒண்ணு வச்சிருக்கேன்ல, முட்டையெல்லாம் வச்சுச்சு. மத்த மீனோட ஓயாமச் சண்டை போடுதேண்டு எல்லாத்தையும் வேற தொட்டிக்கு மாத்திட்டேன். இப்ப பெருசு சின்னதைப் போட்டுக் கிழிக்குது. எதிரியே இல்லாத தொட்டியில என்னண்ணே சண்டை?"

நல்ல கேள்வி. இதுக்குப் பின்னால ஒரு சரித்திரம் இருக்கு. அதுல நம்ம தென்னிந்திய மீன் ஒண்ணு முக்கிய சாட்சி.

சண்டை மீன்னு சொன்னா முதல்ல நினைவுக்கு வர்றது சயாம் ஃபைட்டர். நம்ம ஊர் சேவல்கட்டு மாதிரி அங்கே மீன்கட்டு, பந்தயம் எல்லாம் உண்டு. 1840-ல் சயாம் அரசர் கொடுத்த மீன்கள் டென்மார்க் டாக்டர் தியோடர் கேன்டர் கைக்கு வந்து, 1849-ல் அவர் அதைப்பற்றி எழுதினார். அவர் வச்ச பேர் ஏற்கெனவே வேற மீனுக்கு இருந்ததால, 1909-ல் டேட் ரீகன் 'பெட்டா ஸ்ப்ளென்டென்ஸ்'னு மாத்தினார். அதுக்கு வைத்தியம் சுலபம், ஆளுக்கொரு பாட்டில். அதனாலயோ என்னவோ, எந்த மீன் சண்டை போட்டாலும் "பிரிச்சு வைய்யி, சரியாப் போகும்"னுதான் கடைக்காரங்களும் சொல்றாங்க.

ஆனா ஜோடி கட்டி, இடம் பிடிச்சு, குஞ்சைக் காவல் காக்கிற சிக்லிட் குடும்பத்துக்கு இந்த வைத்தியம் எப்பவும் செல்லாது. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இதை உலகத்துக்குச் சொன்னவர் கொன்ராட் லோரன்ஸ். ஆஸ்திரியாக்காரர். 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர். (1938-ல் நாஜி கட்சியில் சேர்ந்தவரும் இவரேதான். மீனை நல்லாப் படிச்சவர் மனுஷனையும் நல்லாப் படிச்சிருப்பார்னு நம்ப வேண்டியதில்லை.) 1963-ல் வந்த ஆக்கிரமிப்பு பற்றிய அவர் புத்தகத்தில் ஒரு விஷயம் வருது. சிக்லிட் ஜோடியைத் தனியா விட்டா ஆண் பெண்ணையே அடிச்சுக் கொன்னுடுது. அதே தொட்டியில ஒரு பலிகடா மீனை விட்டா கோபமெல்லாம் அது மேல போகுது, குடும்பம் நிம்மதியா இருக்கு. பலிகடா பாவம் இல்லையா? அதுக்கும் வழி இருக்கு. நடுவுல கண்ணாடி வச்சு அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு வீட்டுக்காரனும் கண்ணாடி வழியா முறைச்சுக்கிட்டு நிப்பான், உள்ளே குடித்தனம் ஒழுங்கா நடக்கும். ஆண் பொண்டாட்டியை முட்ட ஆரம்பிச்ச பிறகுதான் கண்ணாடியில பாசி படிஞ்சு மறைச்சிருக்குன்னே இவங்களுக்குத் தெரியுமாம். பாசியைத் துடைச்சதும் சண்டை திரும்பப் பக்கத்து வீட்டோட! :-)

இது சரிதானான்னு ஆன் ராசா என்ற ஆய்வாளர் (நம்மூர் ராசா இல்லீங்க) சோதிச்சு 1969-ல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் வெளியிட்டார். அவர் எடுத்துக்கிட்ட மீன் 'எட்ரோபிளஸ் மாகுலேடஸ்'. 1795-ல் பிளாக் பேர் வச்ச, தென்னிந்தியா, இலங்கை உப்பங்கழிகளிலும் ஆறு குளங்களிலும் வாழற ஆரஞ்சு குரோமைட். கேரளாவில் பள்ளத்தி. கரிமீனுக்குத் தம்பி முறை. அண்டை அயல் கண்ணுல படாம வளர்ந்த ஜோடிகள் தங்களுக்குள்ளயே அதிகம் அடிச்சுக்கிச்சு, குஞ்சு வளர்க்கிறதுலயும் தோத்துச்சு. நம்ம தம்பி தொட்டியில நடந்ததும் இதே கதைதான்.

கோபம் குக்கர் ஆவி மாதிரி உள்ளே சேர்ந்துக்கிட்டே இருக்கும், வெளியே விட்டாகணும் என்பது லோரன்ஸ் சொன்ன காரணம். பின்னால வந்தவங்க பலர் அதை ஏத்துக்கல, எனக்கும் அது ஒட்டல. பொது எதிரி வந்தா அண்ணன் தம்பி ஒண்ணு சேர்றது மாதிரின்னுதான் எனக்குப் படுது. காரணம் எதுவா இருந்தாலும் கண்ணாடித் தடுப்பு பலிக்குது. தம்பிக்கு நான் சொன்னது: கிழிபட்டதை உடனே பிரி. துடுப்பு ஆறட்டும். பிறகு நடுவுல கண்ணாடி, அந்தப் பக்கம் அதே சைஸ்ல ஒரு ஆஸ்கர். புது மீன் விடுற அன்னைக்குக் கல்லு, கட்டை எல்லாத்தையும் இடம் மாத்து. பட்டா யாருக்கும் இல்லைன்னு ஆயிட்டா பழைய மீனோட அதிகாரம் குறையும். ஆஸ்கர் வாயில நுழையற எந்த மீனையும் துணைக்கு விடாதே. அது துணையாகாது, டிபன் ஆயிரும்.

தொட்டின்னா கண்ணாடி போட்டுத் தடுத்துடலாம். கண்மாயில என்ன பண்ணுவீங்க? நம்ம ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காக்காரர். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டு வந்தாங்க, ஏழை ஜனத்துக்கு மலிவா மீன் கிடைக்கட்டும்னு. ஆண் தரையில குழி பறிச்சு அடுத்தவனை விரட்டும். பெண் முட்டையை வாயில வச்சே காப்பாத்தும். இப்படிப்பட்ட மீன் ரெண்டு மூணு மாசத்துலயே இனப்பெருக்கத்துக்குத் தயாரானா என்ன ஆகும்? குளம் நிறைய விரல் நீள மீன், நாட்டு மீனுக்கு இடமும் இரையும் இல்லை. 1959-ல் மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்ப வேண்டாம்னு தடை போட்டுச்சு. ஏழு வருஷம் லேட். இன்னைக்கும் திருமங்கலம் பக்கம் கண்மாய் வத்தி மீன்பிடித் திருவிழா நடந்தா, விராலும் கெளுத்தியும் மாட்டினவன் கையைத் தூக்கிக் காட்டுவான், ஜிலேபி மாட்டினவன் பேசாமக் கூடையில போட்டுக்கிட்டு அடுத்த வீச்சுக்குப் போயிருவான்.

கொசுறு: ரீகன் பேர் மாத்தின அதே 1909-லதான் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தாங்க. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் குண்டு போடுவானோங்கிற பயத்துல அதை மூடிட்டாங்க.