மலைச் சாலைக்கு எந்த கியர்பாக்ஸ்? கேமரன்மலை லேண்ட் ரோவர் சொல்லும் பாடம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தத் தூரத்திற்குள் சாலை சுமார் 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. மலைக்குப் பிழைப்புக்கு வந்தவர்களும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் பழைய கார் ஒன்றை வாங்கும்போது விலை, மாதத் தவணை, நிறம் என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கியர்பாக்ஸ் எப்படி என்பதைக் கடைசியில்தான் கேட்கிறோம். மலையில் ஓட்டுபவர் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

குதிரைசக்தி மட்டும் போதுமா?

இன்ஜினின் சக்தி நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் அதைத் தேவைக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கிறது. சின்ன கியரில் வேகம் குறையும், இழுவை கூடும். பெரிய கியரில் வேகம் கூடும், இழுவை குறையும். ஆகவே எந்த வேலைக்கு வண்டி என்பதைப் பொறுத்தே கியர்பாக்ஸ் அமைய வேண்டும்.

டிராக் ரேஸ் கார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ச்சாலையில் சில விநாடிகளில் பாய்ந்து முடிக்கும் பந்தயம் அது. ஆயிரம் குதிரைசக்திக்கு மேல் உள்ள கார்கள் பலவற்றில் ‘பவர்கிளைடு’ என்ற ஆட்டோ கியர்பாக்ஸ் இருக்கும். 1950இல் செவர்லே கார்களுக்காக அறிமுகமான அதற்கு முன்னோக்கிச் செல்ல இரண்டே கியர்கள்தான். சக்தி ஏராளமாக இருக்கும்போது கியர் பல தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் நேரம் வீணாகும் என்பதே அவர்களின் கணக்கு.

மலையில் கணக்கு தலைகீழ். இங்கே சக்தி குறைவு, சுமை அதிகம். உயரம் கூடக் கூடக் காற்றும் மெலிகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டியது கியர்தான்.

லேண்ட் ரோவரின் சூட்சுமம்

1948இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் இன்ஜின் 1.6 லிட்டர். சக்தி சுமார் 50 குதிரைசக்தி. இன்றைய சிறிய கார்கள்கூட அதைவிட வலுவானவை. அப்படியிருந்தும் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் காய்கறித் தோட்டங்களின் சேற்றுப் பாதைகளில் முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஏறுகின்றன. காரணம், பிரதான கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது கியர்பெட்டி. அதில் ‘ஹை’, ‘லோ’ என்று இரு நிலைகள். நான்கு கியரும் இரண்டு நிலையும் சேர்ந்தால் மொத்தம் எட்டு.

1971இல் வந்த சீரிஸ் 3 வண்டியை எடுத்துக்கொள்வோம். சிவப்பு லீவரை ‘லோ’வுக்கு இழுத்து முதல் கியர் போட்டால், இன்ஜின் 40 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினாலும் வண்டி மணிக்கு 6, 7 கிலோமீட்டர்தான் நகரும். வேகமாக நடக்கும் ஒரு மனிதரின் வேகம். அதே இன்ஜின் வேகத்தில் ‘ஹை’ நிலையின் நான்காவது கியர் என்றால் மணிக்கு 50 கிலோமீட்டர். இன்ஜின் ஒன்றுதான். வேலையை மாற்றுவது கியர்.

‘லோ’வுக்கு மாற்றும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். சீரிஸ் 2, 2ஏ வண்டிகளில் ஓடும்போது இரண்டாவது கியருக்கு இறக்குவதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். அதனால் அந்தக்கால ஓட்டுநர்கள் இறக்கம் தொடங்கும் முன்பே கியரை முடிவு செய்தார்கள். பாடமே அதுதான்.

உயிர் இருப்பது இறக்கத்தில்

1,500 கிலோ எடையுள்ள கார் 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 60 லிட்டருக்கும் மேலான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் தாங்க வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கால் முழுக்கப் பிரேக்கில் இருந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சுவது. புதிதாக இருக்கையில் 205 பாகையில் கொதிக்க வேண்டிய டாட் 3 எண்ணெய், ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் உள்ளே குமிழி உண்டாகும். மிதித்த பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

2010 டிசம்பர் 20ஆம் தேதி சிம்பாங் பூலாய் - கேமரன்மலை சாலையில் சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி 25க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆனால் இறக்கம் தவறைப் பொறுத்துக்கொள்ளாது என்பது எல்லாருக்கும் பொது.

எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது இன்னொரு ஆபத்தான பழக்கம். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினை ஓடவைக்கப் பெட்ரோல் செலவாகிறது. ஆகவே மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

மேனுவலா, ஆட்டோவா?

மேனுவல்: எந்த கியர் என்பதை ஓட்டுநரே தீர்மானிக்கலாம். இறக்கத்துக்கு நல்லது. ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாக மிதித்து நிற்பவர்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் தேயும்.

ஆட்டோ: ஏற்றத்தில் நின்று புறப்பட எளிது. இறக்கத்தில் ‘டி’யிலேயே விட்டால் பல கார்கள் பெரிய கியருக்குத் தாவும். ‘எல்’, ‘2’, ‘எஸ்’, ‘பி’ அல்லது ‘எம்’ என்று உங்கள் காரில் எது இருக்கிறதோ அதை வாகனக் கையேட்டில் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

சிவிடி: பெரோடுவாவின் புதிய மைவி, அக்சியா போன்றவற்றில் இருப்பது இந்த வகை. படிப்படியான கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வேலை செய்கின்றன. குடும்பத்தோடு போகத் தாராளமாகப் போதும். பாரம் ஏற்றித் தினமும் ஏறுவதானால் கியர் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது கட்டாயம்.

இளைஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ‘டிஏ’ உரிமம் ஆட்டோ காருக்கு மட்டுமே. தோட்டத்து லேண்ட் ரோவரையோ மேனுவல் வேனையோ ஓட்டும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் ‘டி’ உரிமம் எடுப்பதே நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு நல்ல மேட்டில் நிறுத்திப் புறப்பட்டுப் பாருங்கள்.

• இன்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடவில்லையென்றால், மேனுவல் காரில் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள்.

• இறக்கத்தில் காலை எடுத்ததும் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் அந்த வண்டி வேண்டாம். நம்பி இறங்கும் கியரே கைவிட்டுவிடும்.

• ஆட்டோ கியர் எண்ணெயில் கருகல் வாடை அடித்தால் உள்ளே தேய்மானம் இருக்கலாம்.

• பிரேக் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்.

எந்தக் கார் வாங்கினாலும் பழைய ஓட்டுநர்களின் விதி மாறுவதில்லை: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அந்த கியரை இறக்கத்தின் நடுவில் தேடாதே, தலைமேட்டிலேயே போட்டுக்கொள்.