சுண்டும் தராசும்

தம்பலகாமத்து நெல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைவது. மரைக்காலிலும் புசலிலும் அளந்து பழகியது. பக்கத்துச் சீனக்குடாவில் 1980 முதல் இயங்கும் பிறிமா ஆலையின் கோதுமை மா, கப்பலில் வந்த தானியத்தை அரைத்து, கிலோக் கணக்கில் மூடைகட்டி அனுப்புவது. இரண்டும் ஒரே குசினிக்குள் வந்து, இரண்டையும் ஒரே சுண்டால் அள்ளும்போதுதான் கணக்குப் பிசகுகிறது.

முகந்து அளப்பதை மட்டமான முறை என்று தள்ள எனக்கு மனமில்லை. வயலின் பரப்பையே அதில் விதைக்கும் நெல்லைக் கொண்டு அவணக் கணக்கில் சொன்ன பிரதேசம் இது. 4 சுண்டு ஒரு கொத்து, 32 கொத்து ஒரு புசல். ஒரு கொத்து அரிசி 2 இறாத்தல் என்பது கூப்பன் காலத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியதுதான் 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தாலுக்கு முக்கிய காரணம். சோறு வடிக்காமல் பொங்குகிறவர் அரிசி அளந்த சுண்டாலேயே தண்ணீரையும் அளக்கிறார். சுண்டு சிறிதோ பெரிதோ, விகிதம் மாறாது. அங்கே தராசுக்கு வேலையில்லை.

ஆனால் அதே புசலில் நெல் ஏறக்குறைய 46 இறாத்தல், அரிசி 64. உமியும் அதற்கிடையே நிற்கும் காற்றும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தானியமாவது ஓரளவு சொன்னபடி நிற்கும், மா நிற்காது. பிட்டுக்கு அவித்து அரித்த மா பொலுபொலுவென்று சுண்டை நிரப்பிவிடும். பையிலிருந்து அமுக்கி அள்ளிய மா அதே சுண்டுக்குள் இன்னும் எவ்வளவோ அடங்கும். அமெரிக்கக் கோப்பை 237 மில்லிலீற்றர். கரண்டியால் மெல்ல இட்டுத் தலைதட்டினால் 120 கிராம் மா. கோப்பையையே மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். நாலு கோப்பை மாவில் இது 120 கிராம் வித்தியாசம், அதாவது ஒரு முழுக் கோப்பை. கேக் வறண்டு வெடிப்பதற்கு இதுவே போதும். தலைதட்டி அளக்கும்படி பொஸ்டனில் ஃபனி ஃபார்மர் 1896இல் எழுதிய சமையல் நூல் வலியுறுத்தியது இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். தலையைத் தட்டலாம், உள்ளே இருக்கும் காற்றை எப்படித் தட்டுவது?

புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் குறிப்புகளில் சிக்கல் இன்னும் கூடுகிறது. சிட்னிக் கோப்பை 250 மில்லிலீற்றர். அங்கே மேசைக்கரண்டி 20, அமெரிக்காவில் 15. பேக்கிங் பவுடரில் அந்த 5 மில்லிலீற்றரைக் கேக் பொறுக்காது.

தராசிலும் குறை உண்டு. முகத்தலில் ஏமாற்றுவது காற்று. நிறுத்தலில் ஏமாற்றுவது ஈரம். அதனால்தான் நெல் கொள்வனவில் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக்கூடாது என்கிறார்கள். மாரி மாதங்களில் திறந்து வைத்த மாவும் ஈரம் இழுக்கும். ஆனால் அந்தப் பிழை சிறிது. காற்று செய்யும் பிழை பெரிது. பாணைப் பாருங்கள்: பொங்கிய பாணும் அமுங்கிய பாணும் கண்ணுக்கு வேறு வேறு, சட்டம் கேட்பதோ 450 கிராம். நாம் இன்றைக்கும் "ஒரு இறாத்தல் பாண்" என்றுதான் கடையில் கேட்கிறோம்.

என் தீர்ப்பு இது: மா, சீனி, பட்டர் மூன்றையும் நிறுக்க வேண்டும். பேக்கிங் பவுடருக்குத் தேக்கரண்டிதான் சரி. வீட்டுத் தராசு 4 கிராமை நம்பகமாகக் காட்டாது. தராசு இல்லாதவர்கள் தங்கள் சுண்டை ஒருமுறை கடைக்கு எடுத்துப்போய், அரித்த மா எவ்வளவு, சீனி எவ்வளவு, ரவை எவ்வளவு என்று தனித்தனியே நிறுத்து, சமையல் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம். சுண்டு மாறினால் அந்தப் பக்கத்தையும் மாற்ற வேண்டும்.