சிறார் பற்சொத்தையும் பல் அடைப்பும்: ஒரு வரலாறு

பற்சொத்தை ஏற்பட்ட பல்லில் கெட்டுப்போன பகுதியை நீக்கி, அவ்விடத்தைப் பொருத்தமான பொருளால் நிரப்பி மூடும் சிகிச்சை பல் அடைப்பு எனப்படும். பெரியவர்களின் பல்லை அடைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. குழந்தைகளின் பல்லை, அதிலும் விழுந்துவிடக்கூடிய பால் பல்லை, அடைத்துக் காக்க வேண்டும் என்ற எண்ணமோ ஏறக்குறைய நூறாண்டு வயதே உடையது. இக்கட்டுரை அந்த எண்ணம் தோன்றிய விதத்தையும், அது இளையரசனேந்தல் போன்ற கரிசல் காட்டு ஊர்களை எட்டுவதில் இருந்த தடைகளையும் கூறுகிறது.

பால் பல்லும் சொத்தையும்

குழந்தைக்கு ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் பல் முளைக்கத் தொடங்கி, இரண்டரை வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இவை ஒவ்வொன்றாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்று பெற்றோர் விட்டுவிடுவதற்கு இதுவே காரணம். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 அல்லது 11 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். அவை முன்னரே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் நிலைப்பல்லுக்கு வழியில்லாமல் போகிறது. மேலும், ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் நிலைப்பல்லாகும். அதற்கு முன் எந்தப் பல்லும் விழாததால், பலர் அதையும் பால் பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகின்றனர்.

வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலிலுள்ள தாது உப்புகளைக் கரைக்கிறது. இதனை அமெரிக்க ஆய்வாளர் வில்லபி மில்லர் 1890இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளிருக்கும் பற்கூழ் பெரியது. எனவே குழந்தையின் பல்லில் சிறு கரும்புள்ளியாகத் தெரியும் சொத்தை, சில மாதங்களிலேயே நரம்பை எட்டி, இரவில் உறங்கவிடாத வலியாக மாறிவிடுகிறது.

பல் புழு

மில்லருக்கு முன்பு உலகின் பல பகுதிகளில் நிலவிய நம்பிக்கை வேறு. பல்லுக்குள் புழு புகுந்து அரிக்கிறது என்று பாபிலோனியர் களிமண் பலகையில் எழுதிவைத்தனர். தமிழிலும் 'பூச்சிப் பல்', 'பல்லில் பூச்சி அரித்துவிட்டது' என்னும் வழக்குகள் இன்றும் உள்ளன. கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அதன் புகையை வாயில் பிடித்துப் பூச்சியை வெளியேற்றுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கை மருத்துவமாக இருந்தது. ஐரோப்பியரும் வேறொரு செடியின் விதையை எரித்து இதையே செய்தனர். அங்கு விழுந்த 'புழுக்கள்' வெப்பத்தில் வெடித்து வெளிவந்த விதை முளைகளே என்று பின்னர் தெரிந்தது. 1728இல் பல் மருத்துவத்திற்கெனத் தனிநூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார், நுண்ணோக்கியில் தேடியும் அப்படியொரு புழுவைத் தாம் காணவில்லை என்று பதிவுசெய்தார்.

கிராம்பு வைப்பது மட்டும் வெறும் நம்பிக்கையன்று. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. துத்தநாக ஆக்சைடுடன் அதைக் கலந்து செய்யும் பசை, தற்காலிக அடைப்பாகப் பல் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. ஆயினும் கிராம்பு வலியை அடக்குமே தவிர, சொத்தையை நிறுத்தாது.

பெரியவர்களின் அடைப்பு

இந்தியத் துணைக்கண்டத்தில் பல்லைத் துளையிட்டதற்கான மிகப் பழைய சான்று, இன்றைய பாகிஸ்தானின் பலுசிஸ்தானிலுள்ள மெஹர்கரில் கிடைத்தது. ஏறத்தாழ 9000 முதல் 7500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் கல் முனையால் துளையிட்ட தடங்கள் இருந்தன. இச்செய்தி 2006இல் வெளியானது. அந்த ஒன்பது பேரும் வளர்ந்தவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் பாதரசத்துடன் வெள்ளி முதலிய உலோகத் தூளைக் கலந்த இரசக்கலவை, அதாவது அமால்கம், பரவியது. பொன்னைவிட மலிவாக இருந்ததால் எளியவர்களும் பல்லை அடைத்துக்கொள்ள முடிந்தது. பாதரசம் நஞ்சு என்ற எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், இதைப் பயன்படுத்துவதில்லை என உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது; அந்தப் பூசலிலேயே 1856இல் கலைந்தது. 1890களில் ஜி. வி. பிளாக் கலவையின் விகிதத்தைச் சீர்செய்த பின் அமால்கம் நிலைபெற்றது. ஆனால் அது பல்லோடு ஒட்டாது. உள்ளே பிடித்து நிற்க, நல்ல பல்லையும் குடைந்து பள்ளம் அகழ வேண்டும். அதற்கு ஊசியும் துளைப்பொறியும், அசையாமல் உட்காரும் நோயாளியும் தேவை. நான்கு வயதுக் குழந்தையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே குழந்தைக்கு வாய்த்தது பெரும்பாலும் பல் பிடுங்கும் குறடுதான்.

பள்ளிக்குச் சென்ற பல் மருத்துவம்

1902இல் அன்றைய ஜெர்மனியின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில், எர்ன்ஸ்ட் யெசன் பள்ளிச் சிறார்க்கென இலவசப் பல் மருத்துவமனை தொடங்கினார். முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் மிக மோசமாக இருப்பதைக் கண்ட நியூசிலாந்து, 1921இல் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சியளித்துப் பள்ளிப் பல் செவிலியராக அமர்த்தியது. அவர்கள் காலால் மிதித்து இயக்கும் துளைப்பொறியுடன் பள்ளிகளில் சிறார் பற்களை அடைத்தனர். பல் பிழைத்தது, ஆனால் பிள்ளைகள் அந்த அறைக்கு வைத்த பெயர் 'கொலை வீடு'.

1950களில் கொழும்புத் திட்டத்தின் உதவியுடன் இலங்கை இதே முறையை ஏற்று, மகரகமையில் பயிற்சிப் பள்ளி அமைத்தது. அங்குப் பள்ளிப் பல் சிகிச்சையாளர்கள் இன்றும் பணியாற்றுகின்றனர். இந்தியா வேறு வழியில் சென்றது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் தொழில்நுட்பர் ஆகிய மூவகையினரையே கொண்டிருந்தது. ஆகவே சிறார் பல்லை அடைப்பது முழுக்கப் பட்டம் பெற்ற மருத்துவரின் பணியானது; மருத்துவர் இல்லாத ஊரில் அப்பணியும் இல்லாமல் போனது.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது 1920இல் கல்கத்தாவில் நிறுவினார். சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. சிதம்பரத்தில் இராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் வந்தது. புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது. சிறார் பல் மருத்துவர்களுக்கான இந்தியச் சங்கம் 1979இல் அமைந்தது.

இளையரசனேந்தல் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பின்னர் கோவில்பட்டி வட்டத்தில் சேர்க்கப்பட்ட, முன்பு ஜமீனாக இருந்த ஊர். சென்னைக் கல்லூரி இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. மானாவாரி வேளாண்மையை நம்பும் குடும்பத்தில், பிள்ளையின் ஒரு பல்லுக்காகப் பெற்றோர் கூலியை விட்டுப் பேருந்தேறுவது எளிதன்று. ஒரு முறை போவதானால், மறுமுறை வரச் சொல்லாத சிகிச்சையையே கேட்பார்கள். அது பல்லைப் பிடுங்குவது.

இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற தின்பண்டம் கோவில்பட்டி கடலைமிட்டாய். வெல்லப்பாகில் செய்யப்படும் இதற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உணவோடு சேர்த்து ஒருமுறை தின்று வாய் கொப்பளித்தால் பெருந்தீங்கில்லை. பல்லில் ஒட்டும் இனிப்பை, அது எதுவாயினும், நாள் முழுதும் அடிக்கடி தின்பதே சொத்தைக்கு வழி. 2002-03இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொத்தை இருந்தது.

துளைப்பொறி இல்லாத அடைப்பு

இந்த நிலையை மாற்றியவை புதிய பொருள்களே. இலண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1969இல் உருவாக்கிய கண்ணாடி அயனோமர் சிமெண்ட் பல்லோடு தானே ஒட்டிக்கொள்கிறது. ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. பல்லை ஆழமாகக் குடையும் தேவை குறைந்தது. 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃபிரென்கன், மின்சாரமில்லாத இடத்தில் கைக்கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி, இந்தச் சிமெண்ட்டால் மூடும் முறையை வகுத்தார். 1994இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரப்ப முன்வந்தது. பள்ளி மேசையே சிகிச்சை நாற்காலியாக இது வழிசெய்தது.

ஜப்பானில் 1970 முதல் பயன்பட்டுவரும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்னும் திரவத்தைத் தடவினால் பல சொத்தைகள் வளராமல் நின்றுவிடுகின்றன. அவ்விடம் கறுத்துவிடுவது அதன் குறை. ஸ்காட்லாந்தின் நார்னா ஹால், பால் கடைவாய்ப் பல்லைக் குடையாமலே அதன்மேல் உலோகத் தொப்பியை மாட்டிச் சொத்தையை அடைத்தார். அவர் சிகிச்சையளித்த பற்கள் பற்றிய ஆய்வு 2006இல் வெளியானது. கண்ணாடி அயனோமரும் சில்வர் டையமைன் ஃபுளோரைடும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன.

மறுபுறம், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்றது. பால் பற்களிலும் 15 வயதுக்குட்பட்டோரிடமும் அமால்கத்தைத் தவிர்க்கும் விதி 2022இல் சேர்க்கப்பட்டது. அடைத்த அமால்கம் பிள்ளையை உடனே நோயாக்கும் என்பது இதன் பொருளன்று. சூழலில் சேரும் பாதரசத்தைக் குறைப்பதே முதன்மை நோக்கம்.

இன்றைய நிலை

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பார்க்க வேண்டிய குறைபாடுகளில் பற்சொத்தையும் ஒன்று. ஆனால் கண்டறிவது வேறு, அடைப்பது வேறு. குழு எழுதித் தரும் சீட்டுடன் பிள்ளை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பல் பிழைக்கும். சுரண்டும் கைக்கருவியும் சிறிது சிமெண்ட்டும் போதும் என்ற நிலை வந்த பின், பல் மருத்துவர் ஒருவர் அந்தக் குழுவுடன் பள்ளிக்கே வந்தால் அந்தச் சீட்டுக்கே தேவை குறையும். நூற்றாண்டுக்கு முன் பள்ளிக்கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய பல் மருத்துவம், இளையரசனேந்தல் போன்ற ஊர்களின் பள்ளிகளுக்கு இன்னும் கடக்க வேண்டிய தொலைவு இவ்வளவுதான்.